எரிவாயு முதலில், அடுப்பு அதன் பிறகு

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடைக்குள் போய் கேஸ் அடுப்பு வேண்டும் என்றால், எத்தனை பர்னர் என்று கேட்பார்கள். அடுத்து, ஸ்டீலா கண்ணாடியா என்பார்கள். மூன்றாவதாக, எவ்வளவு விலைக்குள் பார்க்கிறீர்கள் என்பார்கள். இந்த மூன்றுக்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று விட்டுப்போகிறது: உங்கள் வீட்டுக்கு வருவது எந்த வாயு? சிலிண்டரைத் தவிர வேறு கதியில்லை என்றிருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கு அர்த்தம் இருக்கவில்லை. இன்று இதே ஊரில் மூன்று வேறு வாயுக்கள் அடுப்பங்கரைக்கு வந்து சேர்கின்றன. அவை எரியும் விதம் வேறு, கசிந்தால் போகும் திசை வேறு, அடுப்பிடம் அவை எதிர்பார்ப்பதும் வேறு. அடுப்பைத் தேர்ந்தெடுப்பது என்பது முதலில் வாயுவைத் தெரிந்துகொள்வதுதான் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். பர்னர் எண்ணிக்கையும் மேல்தட்டின் பளபளப்பும் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியவை.

முதலாவது எல்லோருக்கும் பழக்கமான எல்.பி.ஜி. புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது, 14.2 கிலோ சிலிண்டரில் திரவமாக வருவது. இரண்டாவது குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயு, பெரும்பாலும் மீத்தேன். கொச்சியிலிருந்து வடக்கே மங்களூரு போகும் பெரிய குழாய்த்தடம் தெற்கே நம் பக்கம் வரவில்லை. அதனால் கொச்சி புதுவைப்பில் 2013-இல் செயல்படத் தொடங்கிய முனையத்தில் இறங்கும் திரவ வாயு, டேங்கர் லாரியில் கொச்சுவேளிக்கு வந்து, அங்கே மறுபடி வாயுவாகி, வெட்டுகாடு, சங்குமுகம் போன்ற கடலோர வார்டுகளில் தொடங்கி வீடுகளுக்குக் குழாயில் போகிறது. மூன்றாவது, வீட்டுக் கொல்லையிலேயே பிறக்கும் பயோகேஸ். விளப்பில்சாலை குப்பை ஆலை ஊர்மக்களின் எதிர்ப்பால் 2011 டிசம்பரில் மூடப்பட்ட பிறகு, சமையலறைக் கழிவை வீட்டிலேயே தீர்க்க வேண்டிய கட்டாயம் இந்த நகரத்துக்கு வந்தது. அதற்கு முன்பே, உணவுக் கழிவில் இயங்கும் சிறிய வீட்டுக் கலங்களுக்காகத் திருவனந்தபுரத்தின் பயோடெக் நிறுவனம் 2007-இல் ஆஷ்டன் விருது பெற்றிருந்தது. ஆகவே பயோகேஸ் இங்கே புதுமோகம் இல்லை. வழித்து எடுத்த சோற்றுப் பருக்கையும் மீன் கழுவிய தண்ணீரும் மறுநாள் கட்டன்சாயாவுக்குத் தீயாக வரும் வீடுகள் இந்த நகரத்தில் இருக்கின்றன.

இந்த மூன்றும் ஒரே அடுப்பில் ஏன் சரிப்படாது? ஒரு கன மீட்டர் எல்.பி.ஜி. ஏறத்தாழ 100 மெகாஜூல் வெப்பம் தரும். அதே அளவு இயற்கை எரிவாயு தருவது 36-லிருந்து 38 வரை. 60 சதவீதம் மீத்தேன் உள்ள பயோகேஸ் தருவது 21 அல்லது 22. எரிவதற்கு வேண்டிய காற்றின் அளவும் இதே போல மாறுகிறது. ஒரு பங்கு புரோப்பேனுக்கு 24 பங்கு காற்று வேண்டும், பியூட்டேனுக்கு 31, மீத்தேனுக்கு ஒன்பதரை, பயோகேஸுக்கு ஆறுக்கும் குறைவு. வந்து சேரும் அழுத்தமும் ஒன்றில்லை: சிலிண்டர் ரெகுலேட்டரிலிருந்து சுமார் 30 மில்லிபார், குழாய் எரிவாயு 21 மில்லிபார், மிதக்கும் கலத்துப் பயோகேஸ் பெரும்பாலும் பத்தைத் தொடாது. இந்த வித்தியாசங்களையெல்லாம் அடுப்புக்குள் சமாளிப்பது, பர்னருக்கு அடியில் திருகப்பட்டிருக்கும் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய பித்தளைத் துண்டு. மெக்கானிக்குகள் அதை ஜெட் என்பார்கள். நடுத்தர பர்னர் ஒன்றுக்கு எல்.பி.ஜி. ஜெட்டின் துளை 0.65 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இயற்கை எரிவாயுவுக்கு அது 0.97 அளவில் வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால்கூட இரண்டுக்கும் வேறுபாடு கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஆனால் துளையின் பரப்பு இரு மடங்குக்கு மேல் மாறிவிடுகிறது. குழாய் எரிவாயுவுக்கு மாற்றிய அடுப்பை வாடகை வீடு மாறும்போது கழக்கூட்டத்துக்கு எடுத்துப்போய் சிலிண்டரில் மாட்டினால், சுவாலை இரு மடங்கு எழும்பி மஞ்சளாகப் புகையும், பாத்திரம் கரியாகும், அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். மறுதலையாகச் செய்தால் தீ அணில் வாலைவிட மெலிந்து, அரிசி கொதிக்க அரை நாளாகும். வாடகை வீடுகள் நிறைந்த இந்த நகரத்தில் இது கற்பனை ஆபத்தில்லை. குடிமாறுகிறவர்கள் ரெகுலேட்டரை நினைவு வைக்கிறார்கள், ஜெட்டை யாரும் நினைப்பதில்லை.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று வரும். குழாய் இணைப்புக் கொடுக்க வருகிறவர்களே ஜெட்டை மாற்றித் தருகிறார்களே, பழைய அடுப்பே போதுமே, புதிது எதற்கு என்பது அது. பாதுகாப்பைப் பொறுத்தவரை இந்த மறுப்பு சரிதான். ஒழுங்காக மாற்றினால் அடுப்பு எரியும், ஆபத்தும் இல்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஜெட்டிலிருந்து பாயும் வாயு, பக்கத்தில் உள்ள காற்றை இழுத்துக்கொண்டு கலப்புக் குழாய்க்குள் போய், பர்னர் தலையின் துளைகளில் வெளிவருகிறது. அந்தக் குழாயின் நீளம், அகலம், தலைத்துளைகளின் அளவு எல்லாம் எல்.பி.ஜி.யை மனதில் வைத்து வார்க்கப்பட்டவை. ஜெட்டை மட்டும் மாற்றுவது, ஒருவரின் செருப்பை இன்னொருவர் காலில் மாட்டி வாரை மட்டும் இறுக்குவது போல. பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கமும் டேராடூன் இந்தியப் பெட்ரோலிய ஆய்வு நிலையமும் சேர்ந்து இயற்கை எரிவாயுவுக்கென்றே பர்னர் வடிவமைத்தபோது வெளிப்பட்ட கணக்கு இதற்குச் சான்று: மாற்றியமைத்த எல்.பி.ஜி. அடுப்பின் வெப்பத்திறன் 40 சதவீத அளவில் நிற்கிறது, தனியே வடிவமைத்தது 55 வரை போகிறது. அதே சோறும் குழம்பும் சமைக்க, நாற்பதுக்கு ஐம்பத்தைந்து என்று வகுத்துப் பார்த்தால், வாயுச் செலவில் கால் பங்குக்கு மேல் குறையும். மீட்டரில் ஓடும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் மாதா மாதம் பணம் கட்டுகிறவர் இதை ஒதுக்கிவிட முடியாது. பழைய அடுப்பு நன்றாக இருக்கும்வரை ஜெட் மாற்றி ஓட்டலாம். புதிது வாங்கும் நாள் வந்தால், பெட்டியின் மேல் இயற்கை எரிவாயுவுக்கு என்று அச்சிட்டிருப்பதையே வாங்குங்கள். சிலிண்டர்காரர்களுக்கு அளவுகோல் ஐ.எஸ். 4246. அது கோரும் குறைந்தபட்ச வெப்பத்திறன் 68 சதவீதம். ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாத மலிவு அடுப்பின் திறன் 60-க்கு இறங்கினால், 40 நாள் வர வேண்டிய சிலிண்டர் 35 நாளில் தீரும். மலிவாக வாங்கிய பணம் சில மாதங்களிலேயே சிலிண்டர் வழியாகப் போய்விடும்.

பயோகேஸ் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். சிலிண்டர் அடுப்பின் ஒரு பர்னரில் பயோகேஸைத் திருப்பி விட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கூடவே கூடாது. அழுத்தம் குறைவு, தீ மெதுவாகப் பரவும் இயல்பு, பாதிக்கு அருகில் கரியமில வாயு. இவற்றுக்குப் பெரிய ஜெட்டும் அகன்ற துளைகளும் உள்ள தனி ஒற்றை அடுப்புதான் சரி. உணவுக் கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடும் கொஞ்சம் சேர்ந்து வரும். அது பித்தளையை அரிக்கும். சிலிண்டர் அடுப்பில் தரத்தின் அடையாளமாக விற்கப்படும் பித்தளை பர்னர் இங்கே குறையாகிவிடுகிறது, வார்ப்பிரும்பு நீடிக்கிறது. வாயு வரும் வழியில் இரும்புத் துகள் வடிகட்டி ஒன்று வைத்தால் அதன் அழுகிய முட்டை நாற்றமும் அரிப்பும் குறையும். ஒரு சிறிய குடும்பத்தின் கழிவிலிருந்து வரும் பயோகேஸ் முழுச் சமையலையும் தாங்காது. காலைக் காப்பி, வெந்நீர், ஒரு கூட்டு என்ற அளவில் அதை நம்பலாம். அந்த எதிர்பார்ப்போடு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

வாயு முடிவாகிவிட்டால் அடுத்து பார்க்க வேண்டியது சுவாலை. மேலைநாட்டு வீடுகளில் குளிர்காயும் கணப்பில் பீங்கான் விறகுக்கட்டைகளை அடுக்கி அடியில் வாயுவை எரிப்பார்கள். அதை கேஸ் லாக் என்பார்கள். அங்கே சுவாலை மஞ்சளாக ஆட வேண்டும் என்பதற்காகவே கலக்கும் காற்றை வேண்டுமென்று குறைக்கிறார்கள், ஏனென்றால் மஞ்சள் என்பது முழுதாக எரியாத கரித்துகள் தகதகப்பது. அதற்கு விலையும் கொடுக்கிறார்கள்: புகைபோக்கி திறந்தே இருக்க வேண்டும், வெப்பத்தில் பெரும் பங்கு அதன் வழியே வானத்துக்குப் போகும். புகைபோக்கியே வேண்டாத வகையும் உண்டு. அதில் அறையின் ஆக்சிஜன் 18 சதவீதத்தை நெருங்கினால் வாயுவைத் தானே அடைக்கும் உணர்வுக் கருவி வைத்திருப்பார்கள். அப்படியும் கலிபோர்னியா அதை வீடுகளில் அனுமதிப்பதில்லை. இந்தக் கடல் நகரத்தில் கணப்பு யாருக்கும் தேவையில்லை. ஆனால் அந்த விவாதம் நமக்குத் தேவைப்படுகிறது. நம் சமையலறை கேஸ் அடுப்பு எது? புகைபோக்கியில்லாமல், உணர்வுக் கருவியும் இல்லாமல், நாளுக்குச் சில மணி நேரம் அறைக்குள்ளேயே எரியும் தீ. அங்கே அஞ்சித் தடுக்கப்பட்டதைவிடக் குறைந்த காவலோடு நாம் தினமும் அதன் முன்னால் நிற்கிறோம். நம்மைக் காப்பவை நீலச் சுவாலையும் திறந்த சன்னலும்தான்.

நீலத்தைச் சோதிப்பதில் இந்த ஊருக்கே உரிய குழப்பம் ஒன்று உண்டு. பூந்துறை, வலியதுறை, சங்குமுகம் பக்கம் கடற்காற்று வீசும் வீடுகளில் நன்றாக எரியும் நீலச் சுவாலைக்குள் திடீர் திடீரென்று ஆரஞ்சு நிறம் பளிச்சிடும். காற்றில் மிதக்கும் உப்பின் சோடியம் தீயில் பட்டு வரும் நிறம் அது. கஞ்சி பொங்கி வழிந்தாலும் இதே நிறம் வரும். இதற்குப் பயந்து அடுப்பை மாற்ற வேண்டாம். கரியால் வரும் மஞ்சளோ சுவாலையின் நுனியில் நிலையாக நிற்கும், மெதுவாக ஆடும். எது என்று சந்தேகம் வந்தால், அடி பளிச்சென்று தேய்த்த ஒரு ஸ்டீல் பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். விரல் சுத்தமாக இருந்தால் அது உப்பு. கறுத்தால் காற்று போதவில்லை. பர்னர் துளை அடைந்திருக்கலாம், ஜெட் தவறாக இருக்கலாம், கலப்புக் குழாயில் சிலந்தி கூடு கட்டியிருக்கலாம்.

சன்னல் விஷயத்தில்தான் நான் பிடிவாதம் பிடிப்பேன். கரமனை, வலியசாலை அக்கிரகாரங்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கின்றன. அடுப்பங்கரை நீண்ட வீட்டின் கடைசியில், வெளிச்சமும் காற்றும் கொல்லைப்பக்கமிருந்து மட்டும் வருகிற இடத்தில் இருக்கும். இடவப்பாதி மழை தொடங்கியதும் அந்த ஒரே சன்னலும் சாத்தப்படும். ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி பிறக்கிறது. ஒரு சிலிண்டர் தீர்வதற்குள் 22 லிட்டருக்கு மேல் தண்ணீர், கண்ணுக்குத் தெரியாமல், அந்தச் சிறிய அறைக்குள் கலக்கிறது. சோறு கொதித்து வரும் ஆவி தனி. அப்பளம் நமத்துப்போவதும், உத்தரத்தில் பூசணம் பூப்பதும், பருப்பு டப்பாவின் மூடி துருப்பிடிப்பதும் மழைக்காலத்தின் குற்றம் மட்டும் இல்லை. இயற்கை எரிவாயு அதே வெப்பத்துக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே நீராவி விடும். ஆகவே சன்னலுக்கு மேலே மழை தெறிக்காத சாய்வுப் பலகை போட்டு, அதைத் திறந்தே வைக்க வழி செய்யுங்கள். வெளியே குழாய் விட்டுப் புகையைத் தள்ளும் விசிறி வையுங்கள். வடிகட்டி மட்டும் வைத்துக் காற்றை மறுபடி அறைக்குள்ளேயே விடும் ‘சிம்னி’ எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், நீராவியையும் கார்பன் மோனாக்சைடையும் பிடிக்காது.

கசிவுக்கான துவாரம் எங்கே வேண்டும் என்பதையும் வாயுதான் சொல்கிறது. எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரு மடங்கு கனம், கசிந்தால் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் இரண்டு சதவீதத்துக்குக் குறைவாக இருந்தாலே தீப்பிடிக்கும். அதனால் தரையை ஒட்டி ஒரு துவாரம் வேண்டும், சிலிண்டரைப் பள்ளத்திலோ மூடிய அலமாரியிலோ வைக்கக் கூடாது. இயற்கை எரிவாயு இலேசானது, மேலே ஏறி பரணுக்கடியில் தங்கும், அதற்குக் கூரையை ஒட்டித் துவாரம். பயோகேஸ் ஏறத்தாழ காற்றின் கனமே உள்ளது, எங்கும் பரவும். நல்லவேளையாக அழுகிய முட்டை நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். பரணைப் பலகை போட்டு முழுக்க அடைத்த நவீன சமையலறைகளுக்குக் குழாய் வாயு வரும்போது இந்த மேல் துவாரத்தை யாரும் பேசுவதே இல்லை. நீங்கள் பேசுங்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு, இண்டக்ஷன் வாங்கிவிடலாமே என்பது இன்னொரு மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. அறைக்குள் எதுவும் எரியாது, வெப்பம் வீணாவதும் குறைவு. ஒற்றைச் சன்னல் வீடுகளுக்கு அதை இரண்டாவது அடுப்பாக மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஆனால் மீன்குழம்பு மண்சட்டியும், வெண்கல உருளியும் அதில் சூடாகா. மழையில் மின்சாரம் போனால் அடுப்பு குளிர்ந்துவிடும். இன்னொரு பக்கம், விறகில் சமைத்தால்தான் ருசி, நம் பாட்டிமார் அப்படித்தானே சமைத்தார்கள் என்கிறவர்கள் ஆற்றுகால் பொங்கலையைக் காட்டுவார்கள். 2009 மார்ச் 10-ஆம் தேதி 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவு உள்ள அந்த நாளில் நகரத் தெருக்களெல்லாம் செங்கல் அடுப்புதான். அந்தப் புகை போவது திறந்த வானத்துக்கு, அதுவும் ஒரே ஒரு நாள். மூடிய அறையில் ஆண்டு முழுக்க அதைச் சுவாசித்த பாட்டிமாரின் இருமலும் கண்ணெரிச்சலும்தான் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கத்தைப் புகைபோக்கி வைத்த அடுப்பு கட்டவைத்தது. விறகு வேண்டுமென்றால் அந்த வகை அடுப்பை வெளிப்புறப் பணி அடுக்களையில் வையுங்கள். மட்டை அரிசி மெதுவாக வேகும் என்கிற கவலைக்கும் பரிஷத்தே பரப்பிய சூடாறாப்பெட்டி உண்டு: கொதி வந்ததும் பானையை இறக்கி அதற்குள் வைத்தால், தீயில்லாமல் வெந்துவிடும்.

மற்றவை விரைவில் முடியும். உங்கள் பாத்திரங்களின் அடியை அளந்து பர்னரைத் தேர்ந்தெடுங்கள். புட்டுக்குடத்துக்குச் சின்னது ஒன்று, உருளிக்குப் பெரியது ஒன்று இருந்தால் நான்கு பர்னர் தேவைப்படுவது அபூர்வம். பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டும் சுவாலை அறையைத்தான் சூடாக்குகிறது. கண்ணாடி மேல்தட்டு துடைக்க எளிது, ஆனால் தீயின் தரத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. கடற்கரை வீடுகளில் மெல்லிய ஸ்டீல் உப்பில் புள்ளி புள்ளியாக அரிக்கும், கனமான நல்ல ரகம் கேளுங்கள். தீ அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் வால்வு உள்ள அடுப்புக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். சன்னலைத் திறந்து வை என்று சொல்லும் நூல், காற்றில் தீ அணையும் ஆபத்தையும் நினைத்தாக வேண்டுமே. சிலிண்டர் இணைப்புக்குக் கம்பி வலையிட்ட ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப், ஒன்றரை மீட்டருக்கு மிகாமல், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக.

அடுப்பைப் பொருத்தும் நாளில் மெக்கானிக் கிளம்பும் முன், பழைய ஜெட்டுகளைக் கேட்டு வாங்கி, எந்த வாயுவுக்கானது என்று எழுதி ஒரு சிறு உறையில் போட்டு சமையலறை அலமாரியில் வையுங்கள். அடுப்பின் அடித்தட்டில் இப்போது எந்த ஜெட் இருக்கிறது என்று அழியாத மையில் குறித்துவிடுங்கள். எல்லா பர்னர்களையும் ஒரே நேரத்தில் முழுதாக எரியவிட்டு, பிறகு சிம்மில் வைத்து, சுவாலை துளையோடு ஒட்டி நிற்கிறதா, மேலே தாவுகிறதா, படக்கென்று உள்ளே போகிறதா என்று அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தீக்குச்சியால் பார்க்கிறேன் என்றால் தடுத்துவிடுங்கள். எல்.பி.ஜி. கசிவு அவசர எண் 1906-ஐ, நிலைக்கதவின் வெளிப்பக்கத்தில், வீட்டை விட்டு வெளியே வந்து நிற்கிறவர் கண்ணில் படும் இடத்தில் எழுதுங்கள்.